மருதுக்கு ஊற்றிய இரண்டாம் தண்ணீர்

கோடையில் சோளகக் காற்றுப் பிடித்தால் எங்கள் ஊரில் முதலில் வற்றுவது கிணறு. அடுத்தது மனிதரின் பொறுமை. உனக்கு மாரியிலும் அது வற்றித்தானே கிடக்கும் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அவர் சொன்னதில் பிழையில்லை. வாய்க்காரி என்றுதான் ஊரில் எனக்குப் பெயர். அந்த வாயை நம்பித்தான் மாதர் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

வன்னியில், உடையார்கட்டுக்குச் சற்று உள்ளே, ஒரு கிரவல் ரோட்டின் இரண்டு பக்கமும் எங்கள் நாற்பது வீடுகள் இருந்தன. பாதிப் பேர் பரம்பரையாக அங்கே இருந்தவர்கள். பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, காணி கிடைத்து, அப்படியே நெல் விதைத்துத் தங்கிவிட்டவர்கள். சமாதானம் வந்து இரண்டாவது கோடை அது. வெடிச்சத்தம் இல்லை, பாதை திறந்திருந்தது, கடையில் சவர்க்காரமும் பற்றரியும் தாராளமாகக் கிடைத்தன. எல்லாம் இருந்தும் ரோட்டில் நிழல் மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவருவார்கள்.

நிழலை யாரும் களவெடுத்துப் போகவில்லை. நாங்களேதான் வெட்டினோம். சண்டைக் காலத்தில் ரோட்டோரம் நின்ற மரங்களை ஒவ்வொன்றாகத் தறித்து, பங்கருக்கு மேலே அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, உள்ளே இருந்து உயிர் தப்பினோம். மிஞ்சியது விறகாய்ப் போயிற்று. அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மொட்டை ரோட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கன்று என்று தீர்மானித்தோம். ஆம்பிளைகள் சிரித்தார்கள். "கோடையில ஆரும் கன்று நடுவினமோ? மாரி வரட்டும். மரம் வைச்சவன் தண்ணி ஊத்துவான்" என்றார் என் கணவர்.

"இஞ்ச மரம் வைக்கிறது நாங்கள். அப்ப நாங்கள்தான் ஊத்தோணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் மாரி வரை பொறுத்திருக்கலாம். ஆனால் மாரிக்கு முன்னர் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத ஊர் அது. எதையும் கிடைத்த கையோடு செய்து பழகியவர்கள் நாங்கள்.

ஊருக்கு ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனியில் அதில் வாளி சேற்றைத் தொட்டு வரும். ஆகவே ஒரு விதி போட்டோம். கிணற்றிலிருந்து அள்ளும் முதல் தண்ணீர் மனிதருக்கும் மாட்டுக்கும் மட்டும். அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவின தண்ணீர், கோப்பை கழுவின தண்ணீர் எல்லாம் இரண்டாம் தண்ணீர். மரத்துக்கு இரண்டாம் தண்ணீர்தான். குசினி வாசலில் ஒரு வாளி வைத்து அதில் சேர்க்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றுபவரின் பெயர் கொப்பியில் எழுதப்படும். அவர் இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், கிணற்றில் கடைசி ஆளாகத்தான் அள்ளவேண்டும். நட்ட மரத்தை எந்தக் காலத்திலும் வெட்டுபவரின் பெயரும் எழுதப்படும். விதிகள் முழுவதும் நான் சொன்னவைதான். கொப்பியும் என்னுடையது. நீல மட்டைக் கொப்பி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஓரிடத்திலும் வெட்டுக்கொத்து இராது. அதில் எனக்குப் பெரிய பெருமை.

முதல் கிழமையே கெட்டிக்காரத்தனம் பல்லிளித்தது. மீன் கழுவின தண்ணீரும் இரண்டாம் தண்ணீர்தானே என்று எல்லா வீட்டிலும் அதையும் கன்றுக்கு ஊற்றினோம். உரம் என்று வேறு நினைப்பு. மணத்துக்கு ஊர் நாய்கள் முழுவதும் திரண்டு வந்து ஏழு கன்றுகளை வேரோடு கிண்டிப் போட்டுவிட்டன. ஒரு நாய் என்னுடைய வேப்பங்கன்றைக் கவ்விக்கொண்டு என் கண் முன்னாலேயே ஓடியது. நான் விளக்குமாற்றோடு பின்னால் ஓடிப் பறித்துவந்து திரும்ப நட்டேன். அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு மாதம் சிரித்தது.

அப்போது எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் எதிர்வீட்டு அக்கா. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கலியாணம் கட்டவில்லை. படுக்கையில் கிடந்த தாயோடு தனியே இருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் அற்றென்டன் வேலை. காலையில் சைக்கிளில் போனால் மாலையில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் சிரிக்கத் தெரிந்தவர். எல்லோரும் வேம்பும் புளியும் நட்டபோது அவர் மட்டும் மருது நட்டார். மருது ஆற்றங்கரையிலும் குளக்கட்டிலும் நிற்கிற மரம். அதை இந்தக் காய்ந்த ரோட்டில் வைத்தால் பிழைக்குமா என்று எல்லோரும் பகிடி பண்ணினோம். "பாப்பம் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் கன்றுகளின் இலைகள்தான் பறந்தன. வேம்புகூடச் சுருண்டு போயிற்று. நாற்பதில் பாதி வெறும் தடியாக நின்றது. எதிர்வீட்டுப் படலைக்கு முன்னால் நின்ற மருது மட்டும் புதுத் துளிர் விட்டது. ஆடு கடிக்காதிருக்க அதைச் சுற்றிப் பனையோலையால் உயரமாக ஒரு கூடு கட்டியிருந்தார் அக்கா. கூட்டுக்கு மேலால் பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன.

ஒருநாள் மத்தியானம், வெயில் கொளுத்தும் நேரம், கூட்டுக்கு அடியில் கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். அக்கா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். அந்த வெயிலில் காலையில் ஊற்றிய ஒரு கோப்பை இரண்டாம் தண்ணீர் மத்தியானம் வரை நிற்குமா? வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால்தான் நிற்கும். எனக்கு அவ்வளவும் போதும். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எழும்பிக் கேட்டேன்.

"அக்கா, உங்கட மருதுக்கு என்ன தண்ணி ஊத்துறியள்?"

"இரண்டாம் தண்ணிதான் தங்கச்சி."

"அப்ப எங்கட கன்றெல்லாம் கருகேக்கை உங்கட மட்டும் எப்பிடித் துளிர்க்குது? மத்தியானத்தில அடியில ஈரம் கிடக்கு. நான் கை வைச்சுப் பாத்தனான்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றியிருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்" என்றேன்.

"நான் கிணத்துத் தண்ணி ஊத்தேல்லை. அவ்வளவுதான் சொல்லுவன்."

"அது போதாது."

"அப்ப எழுதுங்கோ தங்கச்சி" என்றார். கோபம் இல்லை. களைத்துப்போன குரல்.

எழுதினேன். 'கிணற்று நீரை மரத்துக்கு ஊற்றியமை நிரூபணமானது' என்று அவருடைய முழுப் பெயரோடு எழுதினேன். நிரூபணம் என்ற சொல்லை எழுதும்போது எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

இரண்டு கிழமை கடைசி ஆள் என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் கண்டேன். அக்கா வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல், குடத்தோடு கிணற்றடியில் நிற்பார். நாங்கள் எல்லோரும் அள்ளி முடிய, மிஞ்சுவது சேற்றுக் கலங்கல். அதை அள்ளிக்கொண்டு போய், தெளிய வைத்து, சீலைத்துணியில் வடித்துத் தாய்க்குக் கொடுப்பார். என் முறை முடிந்து திரும்பும்போது அவரைப் பார்க்காமல் வருவேன். ஒரு நாள்கூட அவர் முறைப்பாடு சொன்னதில்லை. அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

பத்தாம் நாள் போல யாருடையதோ கட்டாக்காலி ஆடு ஒன்று அக்காவின் பனையோலைக் கூட்டை இழுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. விதி விதிதான், குற்றவாளியின் மரத்தையும் ஆடு தின்னக்கூடாது. ஓடிப்போய்த் துரத்தினேன். பிய்ந்த ஓலைக்குள்ளே ஒரு தடி நட்டிருந்தது. தடியில் தலைகீழாக, ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற சேலைன் போத்தல் ஒன்று. அதன் குழாய் மருதின் அடியில் மண்ணுக்குள் போயிருந்தது. குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தை இறுக்கி வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு துளி விழுந்தது. வெகு நேரம் கழித்து இன்னொரு துளி விழுந்தது. போத்தலில் இருந்தது மங்கலான வெள்ளை நிறம். முகர்ந்து பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர்.

அன்று மாலை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் சைக்கிள் வந்ததும் ரோட்டுக்குப் போனேன்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

அவர் பிய்ந்த கூட்டைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார். சைக்கிளை மதிலில் சாத்தினார்.

"சொன்னா, செத்த ஆக்களுக்கு ஏத்தின போத்தலைக் கொண்டுவந்து ரோட்டில தூக்கி வைச்சிருக்கிறா எண்டு சனம் அருவருக்கும். துடக்கு, தீட்டெண்டும் சொல்லும். இதைப் பிடுங்கி எறியச் சொல்லுவினம்." குனிந்து பிய்ந்த ஓலையை நிமிர்த்திக்கொண்டே சொன்னார். "பாம்பு கடிச்ச ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு ஏத்தினது. ஏறி முடிய முன்னமே பிள்ளை செத்துப் போச்சுது. எல்லாப் போத்திலும் குழியில போட்டு எரிக்கிறதுதான். இதைப் போட எனக்கு மனம் வரேல்லை. கழுவிக் கொண்டந்தனான்."

அந்த இடத்தில் 'மன்னியுங்கோ அக்கா' என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டே இரண்டு சொல். ஊர் முழுக்கக் கேட்கக் கத்தத் தெரிந்த என் வாயில் அது வரவில்லை. பதிலாக, "இது நல்ல யோசனை. எல்லாருக்கும் செய்யலாம். போத்தில் எடுக்கலாமோ?" என்று கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் நானே போத்தலைக் கையில் தூக்கிக்காட்டிப் பேசினேன். அக்கா சொன்ன மாதிரியே பெண்கள் முகம் சுழித்தார்கள். கொதிதண்ணீரில் அவித்துக் கழுவினால் துடக்கென்ன துடக்கு என்று சண்டை பிடித்து, முதல் போத்தலை என் வேம்புக்குத் தொங்கவிட்டேன். ஒரு மாதத்தில் ரோடு நீளத்துக்குப் போத்தல்கள் தொங்கின. அந்தப் பக்கத்தால் போகிறவர்கள் சைக்கிளை நிற்பாட்டி, இதென்ன மரங்களுக்கு ஆஸ்பத்திரி வாட்டு நடத்துகிறீர்களோ என்று கேட்டுச் சிரித்தார்கள். பட்டுப்போனதுபோல் நின்ற தடிகளில் பாதிக்கு மேல் பிழைத்தன.

போத்தலைக் காட்டிய அந்தக் கூட்டம் முடிய, சங்கத் தலைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்ப அக்காவைப் பற்றி எழுதினதுக்குக் கோடு இழுத்து விடும்" என்றார். நான் கொப்பியைத் திறந்தேன். முத்து முத்தான என் எழுத்து. ஒரு வெட்டும் இல்லாத கொப்பி. பிறகு செய்கிறேன் என்று மூடி வைத்தேன். எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது, கோடு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

மரங்கள் வளர்ந்தன. மூன்றாவது கோடையில் போத்தல்களைக் கழற்றிவிட்டோம். இரண்டாம் தண்ணீர் வாளி மட்டும் எல்லாக் குசினி வாசலிலும் இருந்தது. பிள்ளைகள் கொப்பியைத் தலையில் வைக்காமல் நடந்து வந்தார்கள். மருது எல்லா மரத்தையும் விட உயர்ந்து, ரோட்டுக்குக் குறுக்கே நிழல் போட்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன் கீழேதான் நின்றார்கள். அக்காவின் தாய் போன அன்று பந்தல் போட இடம் தேடவில்லை, சனம் மருதின் கீழே இருந்தது. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போதெல்லாம் அவனைத் தூக்கி மருதின் பட்டையைத் தொட்டுக்காட்டுவார். எங்களுக்குள் ஒரு கசப்பும் இருந்ததாக வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு மட்டும் கொப்பியை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் தாண்டித் திருப்பும் பழக்கம் வந்தது.

பிறகு சண்டை திரும்ப வந்தது. இரண்டாயிரத்து எட்டு முடியும்போது கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் முழுவதும் எங்கள் ரோட்டால் வந்தது. உழவு மெசினில், சைக்கிளில், நடந்து. எங்கள் மரங்களின் கீழே தறப்பாளைக் கூரையாகக் கட்டியிருந்தார்கள். ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒருத்தி என் வேம்பில் கொப்பு முறித்துக்கொண்டிருந்தாள். பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வைக்க விறகு இல்லை. நான் பழைய செயலாளராய்ச் சத்தம் போட்டேன். அவள் முறித்த கொப்பைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அக்கா எங்கிருந்தோ வந்து, அந்தக் கொப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நான் வெட்கத்தில் உள்ளே போய்விட்டேன்.

தை மாதம் ஷெல் எங்கள் ஊருக்கே வந்தது. என் கணவர் பின்வளவில் பங்கர் வெட்டினார். குழியை வெட்டலாம், மேலே போட மரம் வேண்டும். பனையும் தென்னையும் எப்போதோ முடிந்துவிட்டன. என் வேம்பு தொடையளவுதான் இருந்தது, அதையும் தறித்தோம், போதவில்லை. பிள்ளைகள் இரண்டும் வெறும் குழிக்குள் குந்தியிருந்து மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீர் ஊறிக்கொண்டேயிருந்தது. குசினி வாசலில் இருந்த அந்த இரண்டாம் தண்ணீர் வாளியால்தான் நான் அதை இறைத்தேன்.

அக்கா மத்தியானம் வேலை உடுப்போடு வந்தார். மூன்று நாட்களாக ஆஸ்பத்திரியிலேயே நின்றவர், உடுப்பு மாற்ற வந்தவர். குழியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். என் கணவரிடம் சொன்னார்:

"தம்பி, கோடாலியைக் கொண்டு வாங்கோ. மருதைத் தறியுங்கோ."

"வேண்டாம் அக்கா" என்றேன். "உங்களுக்குப் பங்கர் வேணுமெல்லே?"

"நான் ஒரு தனி உடம்பு. ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறன். எனக்கென்னத்துக்கு?" ரோட்டுக்குப் போய், நாடி பிடிக்கிறவரைப்போல மருதின் அடியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "மூண்டு மரக்குத்தி வரும். நல்ல உரமான மரம்" என்றார்.

முதல் வெட்டு விழுந்தபோது நான் அழுதேன். அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பி, அந்தப் பழைய சிரிப்போடு சொன்னார்.

"கொப்பியில எழுதுங்கோ தங்கச்சி, மரத்தை வெட்டுவிச்சது நான்தான் எண்டு. என்ர பேர் ஏற்கெனவே அதில கிடக்குத்தானே."

அவருக்குத் தெரிந்திருந்தது. கோடு இழுக்கவில்லை என்று ஐந்தாறு வருஷமும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்துகொண்டுதான் என் பிள்ளையைத் தூக்கினார், தெரிந்துகொண்டுதான் என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தார். உள்ளே ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துவந்து, அவர் கண் முன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா."

"காயக்காரர் கனபேர் கிடக்கினம். வந்து குடிக்கிறன்" என்று சைக்கிளில் ஏறினார்.

மரம் விழுந்தது. மூன்று குத்தி வந்தது. மேலே அடுக்கி, என் சீலைகளை வெட்டித் தைத்த மண்மூட்டைகளைப் போட்டு மூடினோம். மறுநாள் பின்னேரம் எங்கள் வளவில் ஷெல் விழுந்தது. குசினி போயிற்று, அலுமாரி இருந்த அறை போயிற்று. பங்கர் குலுங்கியது. மண் கொட்டியது. மருதங்குத்திகள் அசையவில்லை. ஈரப் பட்டையின் மணம் மூக்கில் அடிக்க, இரண்டு பிள்ளைகளையும் என் மடிக்குள் அமத்திக்கொண்டு, அக்கா வந்ததும் காலில் விழுந்து சொல்லிவிடுவேன் என்று நேர்ந்துகொண்டேன்.

அக்கா வரவில்லை. அடுத்த நாள் அவரோடு வேலை செய்த ஒருத்தர் சனத்தோடு சனமாக எங்கள் ரோட்டால் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஷெல் பட்டதாம். எங்கள் படலையடியில் சைக்கிள் ஏறிய அதே பயணம். அங்கேயே ரோட்டோரமாகக் குழி வெட்டித் தாட்டுவிட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டேன். கையைக் காட்டினார். அந்தப் பக்கம் முழுவதும் புகையாக இருந்தது.

அன்றே நாங்களும் வெளிக்கிட்டோம். கொப்பி அலுமாரியோடு போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். தேட நேரம் இருக்கவில்லை. அதற்குப் பின்னர் நடந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. என் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரும் இன்றைக்கும் அரிசி களைந்த தண்ணீரைக் கழுவும் தொட்டிக்குள் ஊற்றாமல், வாசலில் இருக்கும் செடிக்கு ஊற்றுகிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

நான் எழுதிய பக்கம் எங்கோ ஒரு சேற்றுக்குள் உக்கிப் போயிருக்கும். ஆனாலும் அது கோடு இழுக்கப்படாமல்தான் உக்கியது. ஆகவே செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எதிர்வீட்டு அக்கா தன் மருதுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு நாளும் ஊற்றவில்லை. நான் எழுதியது பொய்.

மன்னியுங்கோ அக்கா.